மழைமானி வந்தது, மேடை எங்கே?

மூணாறு ஹைரேஞ்ச் கிளப்பின் மதுக்கூடத்துச் சுவரில் தொப்பிகள் வரிசையாக மாட்டியிருக்கும். இந்த மலையில் முப்பது வருடம் வேலை பார்த்து முடித்த துரைமார் விட்டுப்போனவை. பக்கத்திலேயே வேட்டையில் விழுந்த விலங்குகளின் தலைகள். அந்தக் கூடத்துக்குள் பெண்கள் வரக்கூடாது என்று ஒரு விதி நெடுங்காலம் இருந்தது. கொழுந்து எடுப்பவர்களைப் பற்றித் தனியாக விதி எழுதவேண்டிய அவசியமே வரவில்லை. அவர்கள் அந்தப் பக்கம் வருவார்கள் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இந்தக் கிளப்பிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை மலைகளிலும் பாலக்காட்டின் சித்தூர்ப் பக்கத்திலும் தமிழ் பேசுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். மண், மழை, நீர், நோய் பற்றிய அறிவியல் பேச்சு இந்த மலையில் புதிதாக வந்ததே இல்லை. நூறு வருடத்துக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது. அதில் யாருக்கு நாற்காலி போட்டார்கள், யார் வாசலில் நின்றார்கள், யாருக்கு விஷயமே தெரியாது என்று பார்த்தால்தான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள தூரம் விளங்கும்.

கண்ணன் தேவன் மலைகளை பூஞ்சார் அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்கு எடுத்தது 1877-இல். சின்கோனா, காப்பி எல்லாம் வைத்துப் பார்த்து, கடைசியில் தேயிலை நிலைத்தது. தோட்ட முதலாளிகளின் சங்கமான உபாசி 1893-இல் உருவாகி, 1926-இல் தேயிலைக்கென்று அறிவியல் பிரிவு ஒன்றையும் தொடங்கியது. கவாத்து எப்போது, உரம் எவ்வளவு, எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று விஞ்ஞானிகள் வந்து பேசுவார்கள். கேட்பவர்கள் மேனேஜர்கள், மொழி ஆங்கிலம். 1946-இல் தென்னிந்தியத் தேயிலையில் கொப்புள நோய் வந்தபோது, இளம் கொழுந்தைத் தின்னும் அந்தப் பூஞ்சைக்குத் தாமிர மருந்து தெளிப்பது வழக்கமாயிற்று. முதுகில் தெளிப்பானைச் சுமந்தவருக்கு மேலேயிருந்து வந்து சேர்ந்தது உத்தரவு மட்டும்தான். எதற்குத் தெளிக்கிறோம், மூக்கைக் கட்டிக்கொள்ள வேண்டுமா என்பதெல்லாம் கூட்டம் நடந்த அறையோடு நின்றுவிட்டது.

இன்னொரு சங்கமும் அந்தக் காலத்தில் இருந்தது. 1928-இல் துரைமார் சேர்ந்து வைத்த வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம். இரவிகுளத்துப் புல்வெளியில் யார் எத்தனை வரையாடு சுடலாம் என்று முறை வைத்ததும், காவலுக்கு மலைப் பழங்குடிகளான முதுவர்களை நியமித்ததும் அதுதான். சுடுவதற்கு ஆடு மிச்சம் இருக்கவேண்டும் என்பதற்காகப் பாதுகாத்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும், தென்னிந்தியா முழுக்க வரையாடு குறைந்துகொண்டே வந்தபோது இரவிகுளத்தில் அது பிழைத்ததற்கு இந்தத் துப்பாக்கிக்காரர்களுக்கும் பங்கு உண்டு. வரலாற்றில் இப்படி முகம் சுளித்துக்கொண்டே ஒப்புக்கொள்ள வேண்டியவை நிறைய. 1971-இல் கேரள அரசு சட்டம் போட்டு நிலத்தை மீட்டது. 1975-இல் இரவிகுளம் சரணாலயம் ஆனது, 1978-இல் தேசியப் பூங்கா. எந்தப் பாறைக்கு மேலே எந்த மாதத்தில் மந்தை நிற்கும் என்று அறிந்தவர்கள் முதுவர்கள். அதை எழுதியவர்கள் வேறு ஆட்கள், எழுதியது வேறு மொழியில்.

2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாட்களில் சேர்ந்து வரையாடுகளை எண்ணின. கேரளத்தில் 1,365, தமிழ்நாட்டில் 1,303 என்று கணக்கு வந்தது. ஆட்டுக்கு எல்லைக்கோடு தெரியாது என்பதை இரண்டு வனத்துறைகளும் ஏற்றுக்கொள்ள இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. பரவாயில்லை, எண்ணினார்கள்.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் கூட்டமே நடக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. தொழிற்சங்கக் கூட்டம் நடந்தது, தேர்தல் கூட்டம் நடந்தது, மாரியம்மன் கோயில் திருவிழாவில் நாடகம் நடந்தது. 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாட்டுப் பாடி ஓட்டுக் கேட்டவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன். கூடப் போன தம்பி பின்னாளில் இளையராஜா ஆனார். ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். பாட்டு ஓட்டைக் கொண்டுவந்தது என்று இன்றும் மலையில் பேச்சு உண்டு. பாட்டு எதைக் கொண்டுவந்ததோ இல்லையோ, ஒன்றைக் காட்டியது: மலையாளமும் ஆங்கிலமும் ஏறாத லயத்துப் படிக்கட்டில் தமிழ்ப் பாட்டு தாராளமாக ஏறியது. இருபது வருடம் கழித்து அறிவியல் இயக்கக்காரர்கள் கையில் எடுத்ததும் இதே வழியைத்தான். இந்தத் தேர்தல் நினைவில் இருந்து எடுத்தார்களா என்றால் அப்படிச் சொல்வதற்கில்லை. தெருவில் நின்று பேச வருகிற யாருக்கும் கிடைக்கிற வழி அது.

கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1962-இல் கோழிக்கோட்டில் தொடங்கியபோது அது அறிவியலை மலையாளத்தில் எழுத ஆசைப்பட்ட சிலரின் சங்கம். 1966-இல் ‘சாஸ்திரகதி’, 1969-இல் ‘சாஸ்திரகேரளம்’, 1970-இல் குழந்தைகளுக்கு ‘யுரேகா’ என்று பத்திரிகைகள் வந்தன. 1974-இல் சமூகப் புரட்சிக்கே அறிவியல் என்பதைத் தன் முழக்கமாக வைத்துக்கொண்டது. பேச்சாளர் வாசகசாலைக்கு வருவார், பெஞ்சைச் சுற்றிப் போடுவார்கள், கிரகணம் என்றால் என்ன, காலரா எப்படி வருகிறது, எரிசக்தி எங்கிருந்து வருகிறது என்று பேசுவார். பேச்சு முடிந்த பிறகு வரும் கேள்விகளில்தான் இரவு நீளும். கேரள கிராமத்தின் வாசகசாலையும் அதை ஒட்டிய ‘ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப்’பும் இல்லாமல் இந்த இயக்கம் நடந்திருக்காது. 1980-இல் சாஸ்திர கலா ஜாதா என்று பாட்டும் தெருநாடகமுமாக ஊர் ஊராகக் கிளம்பினார்கள். அதே 1980-இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் பிறந்தது. 1987-இல் இரண்டும் உட்பட நாடு முழுவதுமுள்ள அறிவியல் அமைப்புகள் சேர்ந்து பல திசைகளிலிருந்து போபாலை நோக்கி ஜாதா நடத்தின. விஷவாயு கசிந்து மூன்று வருடம் ஆகாத ஊர் அது. எங்கே போய் முடிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்தவர்களுக்கு அறிவியல் பேச்சு எதற்கு என்பதில் குழப்பம் இருக்கவில்லை.

பரிஷத்தின் உரம் சோதிக்கப்பட்டது பாலக்காட்டு மாவட்டத்தில்தான். குந்திப்புழைக்குக் குறுக்கே சைலன்ட் வேலியில் அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 1973-இல் திட்டக் கமிஷன் ஒப்புதல் தந்திருந்தது. தாவரவியல் பேராசிரியர் எம். கே. பிரசாத் சாஸ்திரகதியில் எழுதினார், பரிஷத் எதிர்க்க முடிவெடுத்தது. இன்றைக்கு இதை மழைக்காடு ஜெயித்த கதையாக எல்லோரும் இனிப்பாகச் சொல்கிறார்கள். அப்போது பக்கத்து மண்ணார்க்காட்டில் நிலைமை வேறு. மின்சாரமும் வேலையும் வரப்போகிறது என்று காத்திருந்த ஊரில் போய், வேண்டாம் என்று மேடை போட்டுப் பேசுவது லேசான காரியமா? சிங்கவால் குரங்குக்காக எங்கள் பிள்ளைகளின் வேலையை விடச்சொல்கிறாயா என்பது நியாயமான கேள்விதான். பரிஷத்துக்காரர்கள் அந்தக் கேள்விக்கு மின்சாரக் கணக்கிலேயே பதில் தயார் செய்தார்கள். இதே மலபாருக்கு மின்சாரம் வேறு எங்கிருந்து எவ்வளவு செலவில் வரும் என்று பொறியாளரும் பொருளியலாளரும் உயிரியலாளரும் சேர்ந்து எழுதி 1979-இல் அறிக்கையாக வெளியிட்டார்கள். கவிஞர் சுகதகுமாரி கவிதை வழியாகப் போனார், பறவையியலாளர் சலீம் அலி டெல்லி வழியாகப் போனார். 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது, 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தி தேசியப் பூங்காவைத் திறந்துவைத்தார். ஒரு வாசகசாலைப் பேச்சு எங்கே போய் நிற்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தென்னிந்தியாவில் இல்லை என்பது என் எண்ணம். 1987-இல் பரிஷத் தன் கிராமத் தொழில்நுட்ப மையத்தையும் பாலக்காட்டு முண்டூரில்தான் வைத்தது. புகையில்லா அடுப்பைச் சுற்றி அங்கே நடந்த வேலை பல வீடுகளின் கூரைக்கரியைக் குறைத்திருக்கிறது.

ஆனால் இத்தனையும் மலையாளத்தில். பரிஷத்தைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. மலையாளத்தில் அறிவியல் என்பதுதான் அதன் பிறப்பு. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் வண்டி பொள்ளாச்சியோடும் போடியோடும் திரும்பிவிட, நடுவில் இருக்கும் சித்தூர்ப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர்களும் மூணாற்றுப் பக்கத்து வட்டவடைக்காரர்களும் இரண்டு இயக்கத்தின் வரைபடத்திலும் ஓரத்தில் விழுந்தார்கள். எல்லைக்காரர்களுக்கு ரேஷன் கார்டில் நேர்வது அறிவியலிலும் நேர்ந்தது.

அவர்கள் பாடத்தைக் கற்றது வேறு விதத்தில். சித்தூர் விவசாயியோடு பத்து நிமிடம் பேசினால் டி.எம்.சி. என்ற அளவு வாயில் வந்துவிடும். பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. சித்தூர்ப்புழைக்கு வரவேண்டும். எந்த மாதம் எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று மனக்கணக்காகச் சொல்கிறவர்கள் உண்டு. எந்தப் பேராசிரியரும் வந்து நடத்திய வகுப்பு இல்லை இது. நெல் காய்ந்தால் நீரியல் தானாக வரும்.

பிளாச்சிமடைக்கும் அப்படித்தான் வந்தது. பெருமாட்டி பஞ்சாயத்தில், தமிழ்நாட்டு எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கொக்கோ கோலா ஆலை 2000-இல் உற்பத்தியைத் தொடங்கியது. சுற்றிலும் இரவாளர், மலசர் குடியிருப்புகள். கொஞ்ச நாளிலேயே கிணற்றுத் தண்ணீர் மாறியது. சோறு சரியாக வேகவில்லை, குளித்தால் அரிப்பு என்று பெண்கள் சொல்லத் தொடங்கினார்கள். ஆய்வகம் வருவதற்கு முன்னால் வந்த ஆய்வு முடிவு அதுதான். 2002 ஏப்ரல் 22-ஆம் தேதி ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள், பழங்குடித் தலைவர் சி. கே. ஜானு தொடங்கிவைத்தார். பள்ளிக்கூடம் போகாத மயிலம்மா அந்தப் பந்தலின் முகமானார்.

அந்தச் சமரப் பந்தலை ஓர் அறிவியல் கழகம் என்று சொன்னால் மிகையாகாது. நிலத்தடி நீரியல் தெரிந்தவர்கள் வந்தார்கள், வக்கீல்கள் வந்தார்கள், வேதியியல் படித்தவர்கள் வந்தார்கள். கடினப்பாறைக்குள் நீர் எப்படி நிற்கிறது, ஒரு ஆழ்துளைக் கிணறு இழுத்தால் பக்கத்துக் கிணறு ஏன் வற்றும், நீரின் கடினத்தன்மை என்றால் என்ன என்பதெல்லாம் பந்தலின் ஓலைக்குக் கீழே தமிழும் மலையாளமும் கலந்த பேச்சில் அலசப்பட்டன. 2003-இல் பி.பி.சி. வானொலி ஆலைக் கழிவுச் சேற்றைச் சோதிக்கவைத்து, அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதாகச் சொன்னது. அந்தச் சேற்றைத்தான் உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்திருந்தார்கள். அதுவரை காட்மியம் என்ற பெயரைக் கேட்டிராத ஊர் அதைப் பிறகு மறக்கவே இல்லை. 2003 டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களுக்காக அரசு பொறுப்பில் வைத்திருக்கும் சொத்து என்று தீர்ப்பளித்தார். 2004 ஜனவரியில் உலகத் தண்ணீர் மாநாடு அங்கே நடந்தது, பிரான்சிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மார்ச்சில் ஆலை நின்றது. 2005-இல் உயர்நீதிமன்ற அமர்வு நாளுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்று எதிர்த்திசையில் தீர்ப்பு சொன்ன பிறகும் ஆலை மீண்டும் ஓடவில்லை. 2010-இல் உயர்மட்டக் குழு நஷ்டத்தை 216 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அந்தப் பணம் ஊருக்கு வந்து சேரவில்லை. நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயத்துக்காக 2011-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா டெல்லிக்குப் போய்ச் சட்டமாகாமலே முடிந்தது. மயிலம்மா 2007-இல் இறந்துவிட்டார்.

இங்கே கவனிக்க ஒன்று உண்டு. சைலன்ட் வேலியில் படித்தவர்கள் ஊருக்குப் போய்ப் பேசினார்கள். பிளாச்சிமடையில் ஊர் உட்கார்ந்த இடத்துக்குப் படித்தவர்கள் வந்தார்கள். பேச்சாளர் பெஞ்சில், ஊர் தரையில் என்ற ஏற்பாடு தலைகீழானது அந்த ஓலைப்பந்தலில்.

எல்லாக் கூட்டமும் இப்படி நல்லவிதமாக நடந்ததாகச் சொல்ல முடியாது. முல்லைப் பெரியாறை எடுத்துக்கொள்ளுங்கள். 1886-இல் 999 வருடக் குத்தகை, 1895-இல் அணை. அணை நிற்பது இடுக்கியில், தண்ணீர் போவது தேனி, மதுரை, ராமநாதபுரம் பக்கம். 1979-இல் பயம் கிளம்பி நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். பிறகு கம்பிவடம் பாய்ச்சியும் பின்புறம் கான்கிரீட் கட்டியும் பலப்படுத்தினார்கள். 2011 நவம்பரில் இடுக்கியில் சிறு நில அதிர்வுகள் வரிசையாக வந்தபோது, மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான கூட்டங்கள். குமுளிப் பக்க மேடையில் அணை உடைந்தால் எத்தனை லட்சம் பேர் என்று கணக்கு. கம்பம் பக்க மேடையில் சுண்ணாம்பு–சுர்க்கிக் கட்டுமானம் எவ்வளவு உறுதி என்று கணக்கு. தமிழ்நாட்டில் ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் ஆவணப்படமே எடுத்தார்கள். கேரளத்தில் டிசம்பர் 8-ஆம் தேதி 200 கிலோமீட்டருக்கு மேல் மனிதச் சங்கிலி நின்றது. இரண்டு பக்கமும் படம் வரைந்து பொறியியல் விளக்கினார்கள். ஒரு பக்கத்துப் பொறியாளர் மறுபக்க மேடையில் ஏறிப் பேச, ஊர் கேள்வி கேட்டது என்று ஒரு கூட்டம் நடந்திருந்தால் அதைத்தான் அறிவியல் கூட்டம் என்று சொல்வேன். நடந்ததோ, போடிமெட்டு வழியாக ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வந்த தேனிப் பெண்கள் பல நாள் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்தது. உடும்பன்சோலைத் தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் மூட்டையோடு இறங்கி வந்தன. 2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. இன்றும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்த எண் நாளிதழின் முதல் பக்கத்துக்கு வருகிறது. மட்டம் எத்தனை அடி என்பது இரண்டு பக்கத்துச் சிறுவருக்கும் தெரியும். அடுத்த பக்கத்துக்காரர் ஏன் பயப்படுகிறார் என்பதுதான் தெரியாது.

காட்கில் அறிக்கைக்கு நேர்ந்தது இதைவிட மோசம். மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய அந்த அறிக்கையை மாதவ் காட்கில் குழு 2011 ஆகஸ்டில் கொடுத்தது. அரசு அதைப் பூட்டிவைத்து, தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகு 2012 மே மாதம்தான் வெளியே விட்டது. கிராமசபைகளில் வைத்துப் பேசி முடிவெடுக்கவேண்டும் என்பது அறிக்கையின் உயிர்நாடி. அந்தக் கூட்டங்கள் நடக்கவேயில்லை. அறிக்கை வருவதற்குள் வதந்தி வந்து சேர்ந்தது: எல்லோரையும் மலையிலிருந்து இறக்கப்போகிறார்கள், ஆடு மாடு வைக்க முடியாது என்று. 2013 நவம்பரில், காட்கிலுக்குப் பிறகு வந்த கஸ்தூரிரங்கன் குழுவின் அறிக்கைக்கு எதிராக இடுக்கி கொதித்தது. காட்கிலை ஆதரித்துப் பேசிய இடுக்கி எம்.பி. பி. டி. தாமஸுக்குச் சவ ஊர்வலம் நடத்தினார்கள், 2014-இல் அவருக்கு அங்கே சீட்டும் கிடைக்கவில்லை. இந்த அறிக்கைகளை எதிர்த்த ஹைரேஞ்ச் சம்ரக்ஷண சமிதி ஆதரித்த ஜாய்ஸ் ஜார்ஜ் ஜெயித்தார். பட்டா இல்லாத நிலத்தில் இரண்டு தலைமுறையாக ஏலமும் மிளகும் வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்குப் பயம் வராமல் என்ன செய்யும்? ஒரு துண்டு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உன் நிலம் இங்கே, உனக்குப் பொருந்துவது இது என்று அவரவர் மொழியில் சொல்ல ஆள் போயிருக்க வேண்டும். போகவில்லை. 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்து, 26 வருடத்துக்குப் பிறகு இடுக்கி அணையின் செறுதோணி மதகுகள் திறந்தபோது, அதே காட்கிலைத் தொலைக்காட்சிகள் ஓடி ஓடிப் பேட்டி எடுத்தன.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி.

ராஜமலைக்கு அப்பால் நயமக்காடு எஸ்டேட்டின் லயங்கள் நான்கு வரிசை. குடியிருந்தவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள், பல குடும்பங்களுக்குத் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம் பூர்விகம். அன்றைய ஒருநாள் மழை 600 மில்லிமீட்டரைத் தாண்டியது. சென்னையில் வருடத்துக்குப் பெய்வதில் ஏறத்தாழப் பாதி. இரவு பதினொன்றுக்குச் சற்று முன்னால் மலை இறங்கியது. மின்சாரம் போய் நாளாகியிருந்ததால் தொலைபேசிக் கோபுரம் செத்துக்கிடந்தது. விடிந்த பிறகுதான் செய்தி வெளியே போயிற்று. எழுபது பேர் போனார்கள். நான்கு பேரின் உடல் கிடைக்கவே இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. தேயிலைத் தோட்டத்துக்கு மழைமானி புதுசு கிடையாது. துரைமார் காலத்திலிருந்தே மழையை அங்குலக் கணக்கில் அளந்து பேரேட்டில் எழுதுவது தோட்ட நிர்வாகத்தின் அன்றாட வேலை. கொழுந்து எவ்வளவு வரும், உரம் எப்போது போடலாம் என்று தீர்மானிக்க அந்த எண் வேண்டும். மண் எவ்வளவு குடித்திருக்கிறது, இனி எவ்வளவு குடித்தால் சரியும், எந்த லயம் ஓடைக்கு நேரே இருக்கிறது என்று கேட்கவும் அதே எண் போதும். நூறு வருடமாக மழை அளக்கப்பட்ட ஒரு மலையில், அந்த அளவை வைத்து லயத்துக்காரர்களோடு யாரும் பேசவில்லை.

இன்று என்ன மாறியிருக்கிறது? எண்கள் கீழே இறங்கிவிட்டன. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை கைபேசிக்கே வருகிறது. சிவப்பு என்றால் பள்ளி விடுமுறை என்பதால் குழந்தைகள்தான் வானிலை அறிக்கையை முதலில் பார்க்கிறார்கள். அரசாங்கம் எதிர்பார்க்காமல் கிடைத்த வானிலைக் கல்வி இது. வயநாட்டில் ஹ்யூம் மையம் என்ற தனியார் ஆய்வு அமைப்பு விவசாயிகளையும் தோட்டக்காரர்களையும் சேர்த்து நூற்றுக்கணக்கான இடங்களில் மழை அளக்கவைக்கிறது. 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கையும் சூரல்மலையும் புதைவதற்கு முந்தைய நாளே, இங்கே சரிவு வரலாம் என்று அது எச்சரித்திருந்தது. மீனச்சில் ஆற்றங்கரையில் ஊர்க்காரர்களும் பள்ளிப்பிள்ளைகளும் மழையையும் ஆற்றுமட்டத்தையும் அளந்து ஒருவருக்கொருவர் அனுப்புகிறார்கள். ஒரு பிளாஸ்டிக் குடுவையும் காலை எட்டரை மணிக்குத் தவறாமல் எழுந்து பார்க்கிற பழக்கமும் போதும். குடுவையைவிடப் பழக்கம்தான் விலை கூடியது.

பள்ளிக்கூடங்களும் மாறியிருக்கின்றன. தமிழ்வழிப் பாடநூலைக் கேரள அரசே அச்சடிக்கிறது. 2018-இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் கணினிக் குழுக்கள் அரசுப் பள்ளிகளில் இருக்கின்றன. 2019 டிசம்பர் 26 காலை வளையச் சூரிய கிரகணப் பாதை கண்ணூர், வயநாடு வழியாக வந்து கோயம்புத்தூர், திண்டுக்கல் என்று போனபோது, பாலக்காட்டிலும் பொள்ளாச்சிப் பக்கத்திலும் பிள்ளைகள் கண்ணாடி வைத்துக்கொண்டு மைதானத்தில் நின்றார்கள். அவர்களுடைய பாட்டிமார் காலத்தில் கிரகணம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். இந்த ஒன்றை மட்டும் எடுத்தாலே அறிவியல் இயக்கங்கள் வீண் போகவில்லை என்று சொல்லிவிடலாம்.

குறைந்திருப்பது உட்காரும் இடம். வாசகசாலைப் பேச்சுக்கு இன்று கூட்டம் சேர்வதில்லை என்று கேரளத்தில் எல்லா இயக்கத்துக்காரரும் புலம்புகிறார்கள். பேச்சு யூடியூபில் கிடைக்கிறது, மலையாளத்திலும் தமிழிலும், அன்றைய பேச்சாளர்களைவிடத் தெளிவாகவே. ஆனால் காணொளியில் குறுக்கே கை தூக்கி, என் கிணற்றுக்கு இது பொருந்துமா என்று கேட்க முடியாது. வாட்ஸப் குழுவில் கேட்கலாம், பதில் வரும், நாற்பது பதில் வரும். அதில் முப்பது போன வருடத்துக் காணொளி. பந்தலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் முகத்தைப் பார்த்து இவர் சொல்வதை நம்பலாமா என்று தீர்மானித்த வசதி போய்விட்டது.

சின்ன இடங்கள் சில தாக்குப்பிடித்தன. மூணாற்றிலிருந்து காட்டுக்குள் போகவேண்டிய இடமலக்குடி, 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து ஆனது. அங்கே முதுவர் குடியில் பி. வி. சின்னத்தம்பி என்பவர் டீக்கடையோடு நூலகம் நடத்தியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் எழுதினார். இரண்டு சாக்கில் 160 புத்தகம், ஒருமுறை உறுப்பினர் கட்டணம் 25 ரூபாய், மாதம் 2 ரூபாய். கட்டஞ்சாயா, அதாவது பாலில்லாத டீ, இலவசம். பெயர்ப் பலகையில் ‘அக்ஷரா ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ்’. மலையாள மொழிபெயர்ப்பில் சிலப்பதிகாரம் அங்கே இருந்தது. வட்டவடையில், 2018-இல் எர்ணாகுளத்தில் கொல்லப்பட்ட மாணவர் அபிமன்யுவின் பெயரில் பஞ்சாயத்து நூலகம் எழுந்தது. கேரளம் முழுவதிலிருந்தும் புத்தகம் வந்து குவிந்தது. தமிழ் பேசும் ஊரில் அது ஒரு மேடையாகவும் ஆகவேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை. அந்த ஊர்ப் பக்கமே குறிஞ்சிமலைச் சரணாலயம் இருக்கிறது. 2006-இல் அறிவித்தது, எல்லை எது என்ற பேச்சு அதோடு தொடங்கியது. யூகலிப்டஸ் தண்ணீரை இழுக்கிறதா, பட்டா நிலம் சரணாலயத்துக்குள் வருமா, குறிஞ்சி எங்கே எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் வட்டவடைக்காரரின் சாப்பாட்டுப் பிரச்சினை. குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. பேசித் தீர்க்க நேரம் இருக்கிறது என்று சொல்லலாம், 2006 முதல் 2018 வரை பன்னிரண்டு வருடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

தோட்டத்துக்குப் புதிதாக மேடை கட்ட வேண்டியதில்லை. காலையில் மஸ்டரில் எல்லோரும் கூடுகிறார்கள், பெயர் கூப்பிடுகிறார்கள், இன்று எந்தக் காடு என்று சொல்கிறார்கள். நேற்று இந்த டிவிஷனில் இத்தனை மில்லிமீட்டர், மூன்று நாளில் இத்தனை, இதைத் தாண்டினால் கீழ் வரிசை லயம் இரவில் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகாது. மழை விவரம் ஏற்கெனவே ஆபீசில் இருக்கிறது. எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து என்பதை மட்டும் நிலவியல் துறையும் தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும் அதே மேசையில் உட்காரலாம்.

எந்த மொழியில் சொல்வது என்று கேட்டால், தமிழில் என்று பத்து வருடத்துக்கு முன்னால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன். இப்போது மூணாற்று லயங்களில் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் படித்துவிட்டுக் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போக, காலியான வீடுகளில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் குடியேறியிருக்கிறார்கள். அவர்கள் கொழுந்து எடுக்கிறார்கள், கங்காணி பேசும் தமிழில் பாதி புரிந்துகொள்கிறார்கள். மஸ்டரில் வாசிக்க வேண்டிய அந்த வரியை இனி இந்தியிலும் சாத்ரி மொழியிலும் எழுதிக்கொள்ள வேண்டும்.